கடல் தாண்டிய தீட்டு

எங்கள் ஊர்ச் சிங்கத்துக்குப் பத்துக் கால்கள். மரத்தலையைப் பிடிப்பவன் முன்னால், அவனுக்குப் பின்னால் நீளத் துணிக்குள் குனிந்தபடி நான்கு பேர். இலையுதிர்காலத் திருவிழாவன்று அது கோயிலிலிருந்து இறங்கி வீடு வீடாகப் போய் ஆடும். ஆடுகிறவர்களின் முகம் தெரியாது, முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். எங்கள் ஹிராசோனேயில் காலைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர்.

சிங்கம் இருந்தது, தாளம் இருந்தது, கால்கள்தான் இல்லை. பையன்கள் பள்ளிக்கூடம் முடித்ததும் நகரத்துக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். நான் இந்த ஊர் பஸ்ஸை ஓட்டுகிறவன். பெரும்பாலான நடைகளில் வண்டிக்குள் நானும் ரேடியோவும்தான். அதனால் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். திருவிழாவில் புல்லாங்குழல் வாசிப்பதும் நான்தான். மூச்சு இருக்கிறவர்கள் யாரும் மிச்சமில்லை என்பது ஒரு காரணம்.

லுவான் வியட்நாமிலிருந்து எங்கள் ஊர் மீன் ஆலைக்குப் பயிற்சித் தொழிலாளியாக வந்தவன். மூன்று வருட ஒப்பந்தம். வந்த முதல் வருடம், ஊர்க்கூடத்தில் நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். பிறகு ஒருநாள், இரண்டு கார்களுக்கு நடுவே குனிந்துகொண்டு நாங்கள் வைக்கிற அடியையே தானும் வைத்துக்கொண்டிருந்தான். எங்கள் குழுத் தலைவர் இசோகாய் மின்சாமான் கடைக்காரர். சிகரெட் பிடிக்க வெளியே போனவர் அதைப் பார்த்துவிட்டு, சிகரெட் தீரும்வரை அங்கேயே நின்றாராம்.

அடுத்த வருடம் அவனை மது ஜாடிகள் இருந்த பெட்டியைச் சுமக்க வைத்தார்கள். இந்த வருடம், ஒப்பந்தம் முடிகிற வருடம், ஆடுகிறவர்களில் இன்னும் இரண்டு பேர் ரயில் ஏறிவிட, சிங்கத்துக்குள் ஆள் குறைந்தது. இசோகாய் அவன் பேரைச் சொன்னார்.

ஹமனாகா கிழவர் குதித்தார். ஒரு காலத்தில் தலை பிடித்து ஆடியவர், இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. சிங்கத்தலை இருக்கும் பெட்டியின் சாவி மட்டும் அவரிடம் இருக்கிறது, அந்தச் சாவியை வைத்துக்கொண்டு ஊரையே மிரட்டுவார்.

"வெளிநாட்டுக்காரன உள்ள விட்டா சாமி என்னய்யா நினைக்கும்?"

"சாமி காலத்தான் எண்ணும் தாத்தா. பத்து இருந்தா போதும்," என்றார் இசோகாய்.

"எட்டா இருந்தா?"

"சிலந்தின்னு நினைச்சுக்கும்."

கிழவர் உம்மென்று போனார். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார். அவருக்கும் வேறு வழி இல்லை, சிங்கம் தெருவுக்கு வராத வருடத்தைப் பார்ப்பதைவிட அவர் செத்துப்போவதே மேல் என்று நினைப்பவர்.

லுவானுடைய பேச்சுதான் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஆலையில் கணவாய் அறுக்கும் மேசையில் நிற்பவர்கள் எல்லாரும் அறுபது தாண்டிய பெண்கள். எங்கள் மொழியை அவன் அங்கேதான் கற்றான். இருபத்து நான்கு வயதுப் பையன், உடம்பு முழுக்கத் தசை, வாயைத் திறந்தால் கிழவிப் பேச்சு வரும். முதல் ஒத்திகை நாளில் ஹமனாகாவிடம் போய்க் குனிந்து, "என்ன சாமி, முட்டி வலி தேவலையா? உப்ப வறுத்து ஒத்தடம் குடுக்கக் கூடாதா? ஒடம்ப இப்படியா போட்டு வெக்கிறது," என்றான். கூடமே சிரித்தது. கிழவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவனுக்குக் கிடைத்தது நான்காவது இடம். அதுதான் மோசமான இடம். அங்கே இருப்பவனுக்கு மூன்றாவது ஆளின் பிட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. மேளத்தைக் காதால் கேட்டே அடி வைக்க வேண்டும். துணிக்குள் வேர்வை நாற்றம் வேறு. லுவான் பிறவிக் கலைஞன் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் கால் தடுக்கி மூன்றாவது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். ஆனால் ஆலை வேலை முடிந்து வந்து, மற்றவர்கள் பீர் குடிக்க உட்கார்ந்த பிறகும் தனியாகக் குதித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு ஆசை. ஒப்பந்தம் முடிந்தால் அவன் திரும்பி வரப்போவதில்லை, இந்த ஒரு திருவிழாதான் அவனுக்கு. அது எல்லாருக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒத்திகைக்கு வந்தபோது அவன் சட்டை நெஞ்சில் ஒரு சின்னக் கறுப்புத் துணித்துண்டு ஊக்கால் குத்தியிருந்தது. நான் புல்லாங்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பேர் நிவா; மரியாதைக்குப் பேரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் வழக்கம்.

"என்னப்பா அது, கிழிசலா? என் பொண்டாட்டிகிட்ட குடு, தெச்சுத் தருவா," என்றேன்.

"கிழிசல் இல்ல நிவா சான். அப்பா போயிட்டாரு. எங்க ஊர்ல இப்படிக் குத்திக்குவோம்."

"போயிட்டாருன்னா?"

"செத்துட்டாரு. திங்கக்கிழம. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க. ஆலை குளிர் ரூம்ல நின்னு போன்ல பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சிங்கம் ஆடுறத வீடியோ எடுத்து அவருக்கு அனுப்புறதாச் சொல்லியிருந்தேன். இனிமே அம்மாவுக்குத்தான் அனுப்பணும்," என்றான். ஊருக்குப் போக டிக்கெட்டும் இல்லை, ஆலையில் விடுப்பும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

அவன் இதை மறைக்கவில்லை. இதில் மறைக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் கூடத்தில் மேளக்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

எங்கள் வழக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. பெற்றவர் இறந்தால் ஐம்பது நாள் தீட்டு. கோயில் தோரண வாசலைத் தாண்டக் கூடாது, சிங்கத்தைத் தொடக் கூடாது. துக்க வீட்டுக்குச் சிங்கமும் போகாது. ஆடுகிறவர்களும் சிங்கத்தலை பெட்டிக்குத் திரும்பும்வரை அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியதும் இல்லை.

இசோகாய் எங்கள் பூசாரிக்கு போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். சுற்று வட்டாரத்துக் கோயில்கள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது மென்றுகொண்டிருப்பார்.

"அப்பாவா? அப்பான்னா அம்பது நாளுய்யா. இதுல என்ன கேள்வி?"

"வெளிநாட்டுல செத்திருக்காரு சாமி. வியட்நாம்ல."

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. "அதப் பத்தி நான் எங்கயும் படிக்கல. ஊர்க்காரங்க நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. வேணும்னா வர்றப்ப அந்தப் பையன் தலைக்கு மேல ரெண்டு தடவ தீட்டுக் கழிக்கிற கோல ஆட்டிவிட்டுடறேன்."

இசோகாய் போனை வைத்தார். முதலில் வாயைத் திறந்தது ஹமனாகா. எந்த வாயால் வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றாரோ அதே வாயால் சொன்னார்.

"தீட்டு கடல் தாண்டாது."

"அப்படியா தாத்தா?"

"பின்ன என்ன? அந்த ஆளு நம்ம சாமிக்குப் பொங்கிப் படைச்சவனா? நம்ம ஊர்த் தண்ணி குடிச்சவனா? அவன் சாமி வேற, அவன் சாவு வேற. அது இங்க கணக்குல வராது. பையன் ஆடட்டும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். நானும்தான். எவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டது. சிங்கத்துக்குப் பத்துக் கால், பையனுக்கு அவன் ஆசை. மேளக்காரன் குச்சியைத் திரும்ப எடுத்தான். ஒருவர் லுவானுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தார். இசோகாய் அவன் தோளில் தட்டினார்.

"கேட்டியா? உனக்கு ஒண்ணும் தடையில்ல. நீ தாராளமா ஆடலாம்."

அவனுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பினோம். அதுதான் கொடுமை.

லுவான் தேநீரைக் குடிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போன வருஷம் ஷிமோதானி சான் ஏன் ஆடல?"

ஷிமோதானி எங்கள் தலை பிடிப்பவன். படகுத் தச்சன், அதிகம் பேசமாட்டான். மூலையில் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவங்கப்பா தவறிட்டாருல்ல," என்றார் இசோகாய்.

"ஆமா. நான் பெட்டி தூக்கிட்டு வந்தேன். அவங்க வீட்டு வாசல்ல மேளம், புல்லாங்குழல் எல்லாத்தையும் நிறுத்திட்டு சத்தமில்லாம நடந்து போனோம். ஏன்னு கேட்டேன். அப்பா செத்த வீடு, அதுக்கு மரியாதைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது அவரு..."

"ஷிமோதானி சான் அப்பா செத்தா கணக்கு. எங்கப்பா செத்தா கணக்கு இல்ல."

கடைசியில் நான்தான் சொன்னேன், "உன் நல்லதுக்குத்தான்ப்பா சொல்றோம்."

"தெரியும் நிவா சான். அதான் கஷ்டமா இருக்கு," என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆட்டத்துக்காக அவனுக்குக் கொடுத்திருந்த நீலக் கால்சட்டையையும் வைக்கோல் செருப்பையும் பையிலிருந்து எடுத்தான். மடிப்புக் கலையாமல் இசோகாயின் முன்னால் வைத்தான். முழங்காலிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தான்.

"இந்த வருஷம் நான் துக்கத்துல இருக்கேன். கலந்துக்க முடியாது. மன்னிக்கணும்."

ஒரு வார்த்தை மாறாமல் போன வருடம் ஷிமோதானி சொன்னது. அதில் கிழவிப் பேச்சு துளியும் இல்லை. எங்கே கேட்டு வைத்திருந்தானோ, சுத்தமாக வந்தது.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் ஹமனாகா வெடித்தார். "கொழுப்பு. கையப் புடிச்சு வான்னு கூப்பிட்டா எட்டியா உதைக்கிறான்? கணக்குல வராதுன்னா வராது. இப்ப சிங்கத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"எட்டுக் கால்ல ஆடுவோம்," என்றான் ஷிமோதானி.

"என்னடா உளர்ற?"

ஷிமோதானி காலில் சுற்றிய துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினான். அவன் தொடர்ச்சியாக நான்கு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"அப்பா ஆஸ்பத்திரியில போனாரு. எரிச்சோம், சாம்பல் கொண்டாந்தோம், எல்லாம் செஞ்சேன். மனசுல ஒண்ணும் ஏறல. திருவிழா அன்னிக்கு ஜன்னல சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். நீங்க தெருமுனையில வர்ற சத்தம் கேட்டுது. எங்க வாசல்கிட்ட வந்ததும் நின்னுபோச்சு. செருப்புச் சத்தம் மட்டும் போச்சு. அப்பதான் எங்கப்பா செத்துட்டாருன்னு எனக்குப் புரிஞ்சுது. நீங்க மட்டும் வாசிச்சுக்கிட்டே போயிருந்தீங்கன்னா உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்."

கிழவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடுவது எங்கள் ஊரில் அபூர்வம்.

எனக்கு மறுநாளே லுவானைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இசோகாய் வேண்டாம் என்றார். "துக்க வீடுன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படிப் போறது? சிங்கம் பெட்டிக்குப் போகட்டும்." அவர் சொன்னது சரிதான். தீட்டு உண்டு என்று வைத்துக்கொண்டால் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் பஸ்ஸில் ஆலையைத் தாண்டும்போதெல்லாம் அவன் கணவாய்க் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான்.

திருவிழாவன்று வானம் தெளிவாக இருந்தது. எட்டுக் கால் சிங்கம் பட்டினி கிடந்த மாடு மாதிரி இருந்தது. நடுவில் துணி தொய்ந்து தரையில் இழுபட்டது. வீட்டு வாசல்களில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹமனாகா மேளம் ஏற்றிய சிறு லாரியில் உட்கார்ந்துகொண்டு, துணியை இழுத்துப் பிடி, துணியை இழுத்துப் பிடி என்று காலையிலிருந்து கத்தியதில் அவர் தொண்டை கட்டிவிட்டது.

மதியத்துக்கு மேல் ஆலைத் தெருவுக்கு வந்தோம். ஆலைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு மாடி விடுதி. மேல்மாடியில் லுவானும் அவன் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் தங்கியிருந்தார்கள். ஆலை முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு விடுதி வாசலிலேயே நின்றார். பக்கத்தில் மேசை, அதில் மதுவும் வறுத்த மீனும் பெரிய தட்டில் அரிசி உருண்டைகளும். ஒவ்வொரு வருடமும் சிங்கம் அங்கே நீளமாக ஆடும். முதலாளி கொடுக்கிறவர்.

எங்கே திரும்புவது என்பதை முடிவு செய்வது தலை பிடிப்பவன். சிங்கத்தின் பாதை அவன் கால். நான் வாசித்துக்கொண்டே ஷிமோதானியின் கால்களைப் பார்த்தேன். அவை மேசைப் பக்கம் திரும்பவில்லை, நேராக நடந்தன. மரத்தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது, அதன் வாய் மூடியது. இசோகாய் கையிலிருந்த விசிறியை உயர்த்தினார்.

நான் புல்லாங்குழலை வாயிலிருந்து எடுத்தேன். மேளம் நின்றது. திடீரென்று கடல் சத்தம் கேட்டது.

"ஏன் இசோகாய், இங்க ஆடலையா?" முதலாளி சாலைக்கே வந்துவிட்டார். "எல்லாம் தயாரா வெச்சிருக்கேனே."

"மன்னிக்கணும். இது துக்க வீடு," என்றார் இசோகாய், மெதுவாக.

முதலாளி மேலே நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவருக்குப் பாதி புரிந்திருக்கும். கைகளைக் கோட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நாங்கள் செருப்புச் சத்தத்தோடு அந்தக் கட்டடத்தைக் கடந்தோம். லாரியில் ஹமனாகா கடல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தெருமுனை திரும்பிய பிறகுதான் நான் மறுபடி வாசித்தேன். முதல் சுரம் பிசகியது.

மறுநாள் காலையில் சிங்கத்தலையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். ஹமனாகா பூட்டினார். வீட்டுக்குப் போய், துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு விடுதி வாசலில் சேர்வது என்று பேசியிருந்தோம். கிழவரிடம் யாரும் சொல்லவில்லை. திரும்ப ஒரு சண்டை வேண்டாம் என்றுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடுதியின் இரும்புப் படிக்கட்டில் பாதி உயரத்தில் அவர் இருந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கைப்பிடியில் இரண்டு கையும்.

"எந்தப் பாவி கட்டுனான் இந்தப் படிய," என்றார் எங்களைப் பார்த்து. "வந்து தூக்குங்கடா."

லுவான் கதவைத் திறந்தான். எங்கள் எல்லாரையும் கறுப்பில் பார்த்ததும் பின்வாங்கி நின்றான். சின்ன அறை, அடுக்குக் கட்டில்கள், கொடியில் காயும் பனியன்கள். மூலையில் சோறு வடிக்கும் மின்பானையின் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அதில் அவன் போனைச் சாய்த்து வைத்திருந்தான். பக்கத்தில் அரிசி நிரப்பிய காப்பி டப்பா, அதில் ஊதுவத்திகள். போனில் அவன் அப்பாவின் படம். தலையில் ஹெல்மெட்டோடு, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"தொப்பி இல்லாத படம் எங்கிட்ட இல்ல," என்றான் லுவான். "எப்பப் பாத்தாலும் எங்கயாச்சும் கிளம்பிக்கிட்டே இருப்பாரு."

ஒவ்வொருவராக முழங்காலிட்டு ஊதுவத்தி வைத்தோம். இசோகாய் வைத்து முடிப்பதற்குள் போனின் திரை இருண்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இருட்டைக் கும்பிட்டார். ஹமனாகாவுக்கு முழங்காலிட முடியாது. பானைக்குப் பக்கத்தில் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தவர், ஒரு விரலை நீட்டித் திரையைத் தொட்டார். படம் திரும்ப வந்தது. அடுத்தவர் கும்பிடும்போது மறுபடி இருண்டது, மறுபடி தொட்டார். நாங்கள் அத்தனை பேரும் முடிக்கும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.

கடைசியாக அவர் முறை வந்தது.

"பேரு என்ன?" என்றார்.

"லுவான்..."

"உன் பேரு தெரியும்டா. அப்பா பேரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முழு மாலை அந்த மனிதருடைய சாவு கணக்கில் வருமா வராதா என்று வாதாடினோம். ஒருவரும் அவர் பேரைக் கேட்கவில்லை.

"தியெப்."

கிழவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு வளையவில்லை. ஒருவழியாக வந்தது. கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஹெல்மெட் போட்ட அந்த முகத்தைப் பார்த்துப் பேசினார். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசுகிற அதே மரியாதையோடு.

"தியெப் சான். உங்க பையன் நல்லா ஆடுவான். ஆனா இந்த வருஷம் நாங்க அவன சிங்கத்துக்குள்ள விடல. தப்பா நினைக்கக் கூடாது. அப்பா தவறிப்போனா எங்க ஊர்ப் பையன் யாரையும் விடமாட்டோம்."

லுவான் கிழவருக்குப் பின்னால் நின்றிருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, அவன் அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதான்.